மேற்படியில் அமரலாம், முதற்படியில் அமரக்கூடாதா?

2023 நவம்பர் 23 ஆம் திகதி கேரள மாநிலத்தின் கொல்லம் நகரில் ஒரு மூதாட்டி தமது 96 ஆவது வயதில் வபாத்தானார். அவர் பெயர் எம். பாத்திமா பீவி. இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதலாவது பெண் நீதியரசர் அவரே. அந்த நீதிமன்றம் 1950 இல் தொடங்கியது. அதன் பின் 39 ஆண்டுகள் அதன் நீதியாசனத்தில் ஆண்கள் மட்டுமே அமர்ந்தார்கள். 1989 ஒக்டோபர் 6 ஆம் திகதி அந்த வழமையை மாற்றியவர் ஒரு முஸ்லிம் பெண்.

செய்தி வந்த வாரத்தில் எங்கள் வட்ஸ்அப் குழுக்களில் அவரது புகைப்படம் சுற்றிச் சுற்றி வந்தது. எல்லோரும் மாஷா அல்லாஹ் போட்டார்கள். முஸ்லிம் பெண்களின் பெருமை என்று எழுதினார்கள். பெருமைப்படுவதில் பிழையில்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் அவரது வாழ்க்கையிலிருந்து நாம் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்றே அர்த்தம். அவர் ஏறிய படிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அதே படிகள் நமது நாட்டில் நமக்கு எப்படி இருக்கின்றன என்றும் கேட்போம். அதுவே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடங்குமுன் ஒரு சொல் விளக்கம். இலங்கையில் நாட்டின் அதியுயர்ந்த நீதிமன்றத்தை நாம் உயர் நீதிமன்றம் என்கிறோம். இந்தியாவிலோ உயர் நீதிமன்றம் என்பது ஒரு மாநிலத்தின் தலைமை நீதிமன்றம். அங்கே எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது உச்ச நீதிமன்றம். குழப்பம் வராதிருக்க, எந்த நாடானாலும் அதியுயர்ந்த நீதிமன்றத்தை இங்கே உச்ச நீதிமன்றம் என்றே எழுதுகிறேன்.

பாத்திமா பீவி 1927 ஏப்ரல் 30 ஆம் திகதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் பத்தனம்திட்டாவில் பிறந்தார். தந்தை மீரா சாஹிப், தாய் கதீஜா பீவி. எட்டுப் பிள்ளைகளில் இவரே மூத்தவர். திருவனந்தபுரத்தில் விஞ்ஞானப் பட்டம் பெற்றார். அதன் பிறகு அவர் சட்டம் படித்ததற்குக் காரணம் தந்தை. அக்காலத்தில் அதே திருவிதாங்கூரில் அன்னா சாண்டி என்ற பெண் 1937 இலேயே முன்சிப் நீதிபதியாகியிருந்தார். இந்தியாவின் முதல் பெண் நீதிபதி அவர்தான். 1959 இல் அவர் கேரள உயர் நீதிமன்றத்துக்கும் நீதிபதியானார். அவரைப் பார்த்த மீரா சாஹிபுக்குத் தமது மகளும் அப்படி வரவேண்டும் என்ற ஆசை உண்டாயிற்று.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். அந்தத் தந்தைக்கு ஆசை வந்தது எப்படி? ஏற்கனவே ஒரு பெண் அந்த ஆசனத்தில் இருந்ததை அவர் கண்ணால் கண்டதால்தான். ஒருவரும் இல்லாத இடத்தில் ஆசை வைப்பது எல்லாப் பெற்றோராலும் ஆகிற காரியமல்ல.

1950 இல் சட்டத்தரணிகளுக்கான தேர்வில் பாத்திமா பீவி முதலிடம் பெற்றுத் தங்கப்பதக்கம் வென்றார். அதே ஆண்டு நவம்பர் 14 ஆம் திகதி சட்டத்தரணியாகப் பதிவு செய்துகொண்டார். 1958 இல் முன்சிப் ஆனார். முன்சிப் என்பவர் சிவில் வழக்குகளை விசாரிக்கும் அடிமட்ட நீதிபதி. காணித் தகராறு, கடன், வேலித் தகராறு என்று சாதாரண மக்கள் முதலில் வந்து நிற்பது அவர் முன்னால்தான். 1968 இல் சார்பு நீதிபதி, 1972 இல் தலைமை நீதவான், 1974 இல் மாவட்ட நீதிபதி, 1980 இல் வருமான வரி மேன்முறையீட்டு நியாயசபை உறுப்பினர், 1983 இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி என்று படிப்படியாக உயர்ந்தார். 1989 ஏப்ரலில் ஓய்வு பெற்றார். ஐந்து மாதம் கழித்து உச்ச நீதிமன்றத்துக்கு அழைக்கப்பட்டார். 1992 ஏப்ரல் வரை அங்கே பணியாற்றினார்.

முன்சிப் ஆசனத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை 31 ஆண்டுகள். எவரும் அவரைத் தூக்கி உச்சியில் வைக்கவில்லை. முதற்படி அவருக்குத் திறந்திருந்தது. அதில் காலை வைத்தார். மற்றப் படிகள் பின்னால் வந்தன.

அவர் எழுதிய தீர்ப்புகளில் ஒன்றை நமது மலையகத்தவர் எளிதில் விளங்கிக்கொள்வார்கள். கர்நாடக மாநிலத்தில் ஒரு சேரிப் பகுதியை மேம்படுத்தப் போவதாக அரசு அறிவித்தது. பின்னர் அந்த அறிவித்தலை மாற்றி ஒரு பகுதியை விலக்கியது. அங்கே குடியிருந்த மக்களிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. 1991 இல் பாத்திமா பீவி தீர்ப்பு எழுதினார். ஒரு முடிவால் பாதிக்கப்படப் போகிறவர்களின் பேச்சைக் கேட்காமல் அந்த முடிவை எடுக்கக் கூடாது என்பதே அதன் சாரம். லயன் அறைகளில் இருப்போரைக் கேட்காமலே அவர்களது வீடு, காணி பற்றிப் பல முடிவுகள் எடுக்கப்பட்டதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தத் தீர்ப்பின் பெறுமதி தெரியும்.

அவர் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. 1997 இல் தமிழ்நாட்டின் ஆளுநரானார். 2001 மே மாதம், ஊழல் வழக்கில் தண்டிக்கப்பட்டுத் தேர்தலில் நிற்கவே முடியாதிருந்த ஜெயலலிதாவுக்கு முதலமைச்சராகப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார். அவரது கட்சி பெரும்பான்மை பெற்றிருந்தது என்பது உண்மை. ஆனாலும் அந்த நியமனம் செல்லாது என்று அவ்வாண்டு செப்டெம்பரில் அதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே, கருணாநிதி கைதான விடயத்தில் மத்திய அரசின் அதிருப்திக்கு ஆளாகி ஜூலையில் அவர் பதவி விலகியிருந்தார். அவரது இந்தத் தீர்மானத்தை நான் நியாயப்படுத்தவில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன். ஓர் ஆண் ஆளுநரோ நீதிபதியோ தவறு செய்தால், இனி ஆண்களுக்கு அந்தப் பதவியே வேண்டாம் என்று யாராவது சொல்கிறார்களா? பெண் தவறினால் மட்டும் ஏன் எல்லாப் பெண்களின் தகுதியும் கேள்விக்குள்ளாகிறது?

இந்தியாவோடு முடிந்துவிடும் கதையல்ல இது. மேற்கு ஆபிரிக்காவின் நைஜீரியாவில் கானோ என்ற முஸ்லிம் பெரும்பான்மைப் பிரதேசத்தைச் சேர்ந்தவர் அலோமா மரியம் முக்தார். வட நைஜீரியாவின் முதல் பெண் சட்டத்தரணி அவர். 1977 இல் கானோவில் மேல் நீதிமன்ற நீதிபதியானார். 1987 இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் 2005 இல் உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றார். 2012 இல் நாட்டின் பிரதம நீதியரசரானார். ஏறிய இடம் எல்லாவற்றிலும் முதல் பெண், அல்லது முதற் பெண்களில் ஒருவர். பாகிஸ்தானில் 2022 இல் ஆயிஷா மலிக் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். மலேசியாவில் 2019 இல் தெங்கு மைமூன் பிரதம நீதியரசரானார்.

இனி நமது வீட்டுக்கு வருவோம். இலங்கையின் உச்ச நீதிமன்றம் 1801 இல் நிறுவப்பட்டது. அதில் முதல் பெண் நீதியரசராக ஷிராணி பண்டாரநாயக்க நியமிக்கப்பட்டது 1996 இல். இடையே 195 ஆண்டுகள். அவரே 2011 இல் முதல் பெண் பிரதம நீதியரசரானார். 2024 டிசம்பரில் முர்து பெர்னாண்டோ அந்தப் பதவிக்கு வந்தார். ஆக, மேலே கதவு திறந்துவிட்டது.

நான் உயர்தரத்தில் கலைப்பிரிவில் படிக்கிறேன். சட்டம் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். இதைச் சொன்னால் எங்கள் ஊரில், "பொம்புளப் புள்ளைக்கு எதுக்கு கோடு கச்சேரி?" என்று கேட்பார்கள். நான் சட்டக்கல்லூரிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ சென்று, சட்டத்தரணியாகி, நீதிச்சேவைப் பரீட்சையிலும் தேறினால், இன்ஷா அல்லாஹ், ஒரு நாள் பதுளை நீதவான் நீதிமன்றத்தில் அமரலாம். மாவட்ட நீதிமன்றத்தில் அமரலாம். எந்த இனத்தவரது காணி வழக்கையும் விசாரிக்கலாம். அல்லாஹ் நாடினால் உச்ச நீதிமன்றம் வரையும் போகலாம். சட்டத்தில் தடையில்லை.

ஆனால் ஓர் ஆசனத்தில் மட்டும் அமர முடியாது. அது எனது சமூகத்தின் பெண்கள் அழுதுகொண்டு போய் நிற்கும் காதி நீதிமன்றத்தின் ஆசனம்.

1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம், காதியாக நியமிக்கப்படுபவர் முஸ்லிம் ஆணாக இருக்க வேண்டும் என்கிறது. நன்னடத்தையும் தகுதியும் வேண்டும் என்றும் சொல்கிறது. சட்டத்தரணியாக இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. காதியின் தீர்ப்பை எதிர்த்து காதிகள் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம். அந்தச் சபையின் ஐந்து உறுப்பினர்களும் ஆண்களாகவே இருக்க வேண்டும்.

இதிலுள்ள முரண்பாட்டைப் பாருங்கள். காதிகள் சபையின் தீர்ப்பிலும் திருப்தியில்லாதவர் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே பெண் நீதிபதிகள் இருக்கலாம். அதற்கும் மேலே உச்ச நீதிமன்றத்திலும் இருக்கலாம். அந்தப் பெண் முஸ்லிமாக இல்லாமலும் இருக்கலாம். அவர் காதியின் தீர்ப்பை மாற்றி எழுதினால் அது செல்லும். நாம் எல்லோரும் ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் குர்ஆனும் ஹதீஸும் பிக்ஹும் படித்து, சட்டமும் படித்த ஒரு முஸ்லிம் பெண், அதே வழக்கை முதலாவதாகக் கேட்கும் கதிரையில் அமரக் கூடாது. மேற்படி திறந்திருக்கிறது, முதற்படி மூடியிருக்கிறது. பாத்திமா பீவிக்கு முன்சிப் ஆசனம் இப்படி மூடப்பட்டிருந்தால் 1989 இல் அவரைத் தேடி யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

நமது அரசியலமைப்பின் 12 ஆவது உறுப்புரை பால் அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. ஆனால் 16 ஆவது உறுப்புரை, அரசியலமைப்புக்கு முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு மாறாக இருந்தாலும் தொடர்ந்து செல்லும் என்கிறது. ஆகவே இந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டு வெல்வது கடினம். பாராளுமன்றம்தான் திருத்த வேண்டும். அதற்கு முதலில் சமூகம் மனம் வைக்க வேண்டும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பவர்களுக்கு எனது உறவுக்காரப் பெண் ஒருவரின் அனுபவத்தைச் சொல்கிறேன். பிள்ளைக்கான தாபரிப்புப் பணம் கேட்டு அவர் காதியிடம் போனார். காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணிகள் தோன்றி வாதாட முடியாது. தனது கதையைத் தானேதான் சொல்ல வேண்டும். அவர் எங்கள் வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொன்ன விடயங்களில் பாதியை அங்கே சொல்லவில்லை. "ஆம்புளைகள்ட முன்னுக்கு அதெல்லாம் எப்புடி ராத்தா சொல்ற?" என்றார். அந்தக் காதியைப் பற்றி அவர் குறை எதுவும் சொல்லவில்லை. பொறுமையாகக் கேட்டார் என்றுதான் சொன்னார். நல்ல மனிதர் ஒருவர் பொறுமையாகக் கேட்டும், சொல்ல வேண்டியது சொல்லப்படவில்லை. சொல்லப்படாத விடயத்துக்கு எந்தக் காதியாலும் தீர்ப்பளிக்க முடியாது. பசறையிலும் லுணுகலையிலும் ஹப்புத்தளையிலும் வெலிமடையிலும் இப்படி வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்த பெண்கள் எத்தனை பேர்?

மார்க்கம் இதை அனுமதிக்குமா என்ற கேள்வி வரும். வரத்தான் வேண்டும். நான் ஆலிமா அல்ல. பத்வா கொடுக்கும் தகுதி எனக்கில்லை. படித்ததை மட்டும் சொல்கிறேன். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் பெண் நீதிபதியாவது ஏற்கப்படவில்லை. மாலிகி, ஹன்பலி மத்ஹபுகளிலும் பெரும்பான்மைக் கருத்து அதுவே. இதை மறைத்துப் பேசுவது நேர்மையல்ல. ஆனால் இமாம் அபூ ஹனீபா, குற்றவியல் தண்டனைகள் தவிர்ந்த விடயங்களில் பெண் தீர்ப்பளிக்கலாம் என்றார். எல்லா விடயங்களிலும் பெண் நீதிபதியாகலாம் என்பது இமாம் தபரியின் கருத்தாகச் சொல்லப்படுகிறது. அதாவது, இது நமது அறிஞர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கருத்து வேறுபட்ட விடயம். ஈமானைத் தொடும் விடயமல்ல. நம்மைப் போலவே ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் மலேசியாவில் 2010 இல் இரண்டு பெண்கள் ஷரீஆ நீதிமன்ற நீதிபதிகளாக நியமிக்கப்பட்டார்கள். இந்தோனேசியாவின் மார்க்க நீதிமன்றங்களில் பல தசாப்தங்களாகப் பெண் நீதிபதிகள் இருக்கிறார்கள். பலஸ்தீனத்தில் 2009 இல் குலூத் அல் பகீஹ் ஷரீஆ நீதிபதியானார். அந்த நாடுகளின் உலமாக்களும் அல்லாஹ்வுக்குப் பயந்தவர்கள்தானே.

இன்னொன்றையும் நாம் மறக்கக் கூடாது. கவ்லா பின்த் தஃலபா (ரலி) தமது கணவர் தம்மை விலக்கிவைத்த முறை பற்றி நபி (ஸல்) அவர்களிடம் நேரில் வந்து வாதாடினார். அல்லாஹ் அந்த முறைப்பாட்டைக் கேட்டான். குர்ஆனின் 58 ஆவது சூராவே அல்முஜாதலா என்ற பெயரில் அவரை நினைவுபடுத்துகிறது. மாதவிடாய்க்குப் பின் குளிப்பது பற்றி ஒரு பெண் நபியவர்களிடம் கேட்டபோது, அவர்கள் வெட்கத்தால் விரித்துச் சொல்லாதிருக்க, ஆயிஷா (ரலி) அந்தப் பெண்ணை அருகே அழைத்து விளக்கினார்கள். பெண்ணின் விடயத்தைப் பெண்ணிடம் சொல்லும் வசதி மதீனாவில் இருந்தது. பதுளையில் இல்லை.

"பெண்கள் இளகிய மனமுள்ளவர்கள், உணர்ச்சிவசப்படுவார்கள்" என்பது இன்னொரு வாதம். பாத்திமா பீவி 1974 இலிருந்து மாவட்ட நீதிபதியாக இருந்து கொலை வழக்குகளையும் கேட்கும் ஆசனத்தில் அமர்ந்தவர். உணர்ச்சிக்கு இடம் கொடுப்பவர் என்றால் அடுத்த படிக்கு அவரை ஏற்றியிருப்பார்களா? "தகுதியான பெண்கள் நம்மிடம் எங்கே?" என்பதும் ஒரு வாதம். பதவியே இல்லை என்று சட்டத்தில் எழுதிவைத்துவிட்டுத் தகுதியானவர்களைத் தேடினால் எப்படிக் கிடைப்பார்கள்? பதவி இருக்கிறது என்று தெரிந்தால் அதற்காகப் படிக்க ஆட்கள் வருவார்கள். மீரா சாஹிபின் வீட்டில் நடந்தது அதுதான்.

இந்தச் சட்டத்தைத் திருத்துவது பற்றி ஆராய நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009 இல் ஒரு குழு நியமிக்கப்பட்டது. அதன் அறிக்கை 2018 ஜனவரியில்தான் கையளிக்கப்பட்டது. பல விடயங்களில் உடன்பட்ட குழு, சிலவற்றில் இரண்டாகப் பிரிந்து இரண்டு விதமான சிபாரிசுகளைச் செய்தது. பெண்கள் காதியாகலாமா என்பதும் அப்படிப் பிரிந்த கேள்விகளில் ஒன்று. அறிக்கை தொடங்கிய ஆண்டில் பால்குடி மறந்திருந்த பிள்ளைகள் இன்று கல்யாண வயதுக்கு வந்துவிட்டார்கள். நான் இதை எழுதும் வரை சட்டம் அப்படியே இருக்கிறது.

நான் கேட்பது பெரிய விடயமல்ல. ஆண் காதிகளை நீக்கச் சொல்லவில்லை. காதி நீதிமன்றங்களை மூடச் சொல்லவும் இல்லை. மூடினால் நமது மார்க்கச் சட்டம் தெரியாதவர்களிடம் நமது குடும்பப் பிரச்சினைகள் போய்ச் சேரும் என்ற பயம் எனக்கும் உண்டு. சட்டத்திலுள்ள "ஆண்" என்ற ஒரு சொல்லை எடுத்துவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன். காதிகள் சபையின் ஐந்து பேரில் பெண்களும் இருக்க வழிவிடுங்கள். நீதிச்சேவை ஆணைக்குழு தகுதியைப் பார்த்து நியமிக்கட்டும். தகுதியில்லாத பெண்ணை நியமிக்க வேண்டாம். தகுதியில்லாத ஆணையும் நியமிக்க வேண்டாம். இந்த முடிவை எடுக்குமுன் அந்த நீதிமன்ற வாசலில் நிற்கும் பெண்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். பாதிக்கப்படுவோரைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது என்று 1991 இல் பாத்திமா பீவி எழுதியது நமக்கும் பொருந்தும்.

வாசிக்கும் சகோதரிகளே, உங்களில் யாருக்காவது சட்டத்தில் நாட்டமிருந்தால் தயங்காமல் படியுங்கள். அரபும் பிக்ஹும் சேர்த்துப் படியுங்கள். சட்டம் திருந்தும் நாளில் "ஆள் இல்லை" என்று யாரும் சொல்லாதபடி நாம் தயாராக இருக்க வேண்டும். இதை வாசிக்கும் வாப்பாமாரிடமும் ஒரு வேண்டுகோள். அன்னா சாண்டியைக் கண்டுதான் மீரா சாஹிபுக்கு ஆசை வந்தது. உங்களுக்கு இப்போது பாத்திமா பீவியும் அலோமா முக்தாரும் இருக்கிறார்கள். ஆசைப்பட இனியும் என்ன தடை?